மாம்பாலும் மஞ்சளும்: இயற்கைப் பூச்சுகள் உடம்பில் என்ன செய்கின்றன

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வைகாசி, ஆனி மாதங்களில் மாங்காய் பறிக்கப் போகிறவர்களின் முன்கையைப் பார்த்தால் கருகிய திட்டுகள் தெரியும். காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் என்று எந்தப் பக்கத்துத் தோப்பானாலும் இதே கதைதான். காம்பு ஒடிந்ததும் பீய்ச்சி அடிக்கும் மாம்பால் பட்ட இடம் முதலில் எரியும், அப்புறம் சிவந்து கொப்புளிக்கும், ஆறிய பின்னும் பல வாரம் கறுத்தே கிடக்கும். பழகினவர்கள் தோப்புக்குள் இறங்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். கொஞ்சம் காம்பு விட்டுத்தான் காயை ஒடிப்பார்கள். பால் பட்ட கையைக் கண் பக்கம் கொண்டுபோகவே மாட்டார்கள்.

மாம்பாலில் ஆலையில் செய்த ரசாயனம் ஒரு துளியும் கிடையாது. தன் காயைப் பூச்சியிடமிருந்து காப்பாற்ற மரமே சுரக்கும் பால் அது. அதிலுள்ள டெர்பீன் எண்ணெய்கள் தோலைச் சுடும். ரிசார்சினால் வகைச் சேர்மங்கள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரி ஓட்டு எண்ணெய் கையைப் பொசுக்குவதும், சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்ட துணி கழுத்தில் தடிப்பை உண்டாக்குவதும் இந்த உறவால்தான். செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் விசாரிப்பதில்லை. எந்தச் சேர்மம், எவ்வளவு, எவ்வளவு நேரம் பட்டது, யாருடைய தோல் என்பவைதான் அதற்குக் கணக்கு.

‘கெமிக்கல் இல்லை’, ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று அச்சிட்ட சோப்பு, ஃபேஸ்பேக், சீரம், குளியல் பொடி எல்லாம் இன்றைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் எங்கும் கிடைக்கின்றன. ஓசூர் சூப்பர் மார்க்கெட்டில் இருக்கின்றன, போச்சம்பள்ளி வாரச்சந்தையில் இருக்கின்றன, இன்ஸ்டாகிராமில் ஆர்டர் போட்டால் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. இவற்றில் நல்ல பொருள்கள் உண்டு. ஆனால் நம் வீடுகளில் புழங்கிய பழைய பூச்சுகள் பெரும்பாலும் தீங்கு செய்யாமல் இருந்ததற்கு, அவை செடி என்பது மட்டும் காரணமில்லை. அவை காய்ந்த பொடியாக இருந்தன. பூசிய சில நிமிடங்களில் கழுவி விடப்பட்டன. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பது அரைத்தவருக்குத் தெரியும். அதே மஞ்சளும் கற்றாழையும் ராத்திரி முழுக்க முகத்தில் கிடக்கும் க்ரீமாக வரும்போது கணக்கே மாறிவிடுகிறது. இதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

தோல் எதை உள்ளே விடும்

தோலின் மேலடுக்கு ஒரு தாளைவிட மெல்லியது. இறந்த செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, இடையில் கொழுப்பு சாந்து போலப் பூசியிருக்கும். உடம்பின் நீர் வெளியே ஆவியாகிப் போகாமலும், வெளியில் உள்ள கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான். இதன் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, பிஎச் அளவில் சுமார் 5 (7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்). அந்த அமிலம் கெட்டால் சாந்து இளகும், தோல் வறளும், அரிப்பு வரும், சொறிந்த இடத்தில் கிருமி புகும்.

பூசுவதில் 60 சதவீதம் ரத்தத்துக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு கிடையாது. பொதுவாக 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகள் நலமான தோலைத் தாண்டிப் போவது கடினம். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் மூலக்கூறு சுமார் 3 லட்சம் டால்டன்; அதைக் க்ரீமில் போட்டுப் பூசினால் மேலேயே கிடந்து கழுவும்போது போய்விடும். சின்ன மூலக்கூறுகளும் கொழுப்பில் கரைபவையும் உள்ளே இறங்கும். ஸ்டீராய்டு இறங்கும், பாதரச உப்பு இறங்கும். வெடித்த தோல், சொறிந்த தோல், கைக்குழந்தையின் தோல் என்றால் இன்னும் எளிதாக இறங்கும். குழந்தைக்கு எடை குறைவு, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் அதே ஒரு சிட்டிகை அதன் உடம்பில் பல மடங்காகப் போய்ச் சேரும்.

சோப்பு, அரப்பு, போர்வெல் தண்ணீர்

தருமபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் குளித்தவர்களுக்குத் தெரியும், சோப்பு லேசில் நுரைக்காது. குளித்து வந்த பின்னும் உடம்பு வெள்ளை பூத்தாற்போல் இருக்கும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாக மாறித் தோலிலேயே ஒட்டிக்கொள்வதுதான் காரணம். நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பு தேய்க்கிறோம், படிவம் இன்னும் கூடுகிறது. மாசி, பங்குனி வறட்சியில் காலும் கையும் பாளம் பாளமாக வெடிப்பதில் இந்தப் படிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஃப்ளோரைடு பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் பல்லில் காவியும் எலும்பில் வளைவும் வருவது அந்த நீரைக் குடிப்பதால். குளித்தால் தோல் வழியாக ஃப்ளோரைடு ஏறாது.

சரி, மூலிகைச் சோப்புக்கு வருவோம். குப்பைமேனி சோப்பு, ஆவாரம்பூ சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு என்று எந்தப் பெயரில் வந்தாலும், சோப்பு என்றால் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உண்டாவதுதான். அதில் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். ‘காஸ்டிக் சோடாவே போடவில்லை’ என்று விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். ஏற்கனவே செய்த சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி, அதில் மூலிகை கலந்து அச்சில் ஊற்றியிருப்பார். காஸ்டிக் வேலையை வேறு ஒருவர் முன்பே முடித்திருப்பார், அவ்வளவுதான். சோப்பு எப்படிச் செய்தாலும் அதன் பிஎச் 9-இலிருந்து 10 வரை இருக்கும். குப்பைமேனிச் சாற்றில் இருந்த நுட்பமான பொருள்கள் பலவும் அந்தக் காரத்தில் சிதைந்துபோகும். மிஞ்சுவதும் ஒரு நிமிடம் உடம்பில் இருந்துவிட்டு ஓடிவிடும். ஆகவே படைக்கு, சொறிக்கு என்று நினைத்து அதை வாங்க வேண்டாம்.

கையால் செய்த நல்ல சோப்புக்கு வேறு ஒரு பெருமை உண்டு. கிளிசரின் உள்ளேயே தங்கிவிடுகிறது, எண்ணெயும் கொஞ்சம் கூடுதலாக விட்டிருப்பார்கள், அதனால் வறண்ட தோலுக்கு இதமாக இருக்கும். குளிர்முறையில் ஊற்றிய சோப்பை 4-இலிருந்து 6 வாரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டு விற்ற சோப்பிலும், அளவு தவறிய சோப்பிலும் காஸ்டிக் மிஞ்சியிருந்தால் தோலைச் சுடும். வாங்கும்போது ஊற்றிய தேதியைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர் தயங்காமல் சொல்வார்.

அரப்பும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவற்றில் நுரைப்பது சாபோனின். அது கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவமாக மாறுவதில்லை. ஒகேனக்கல், அஞ்செட்டிப் பக்கத்து வறண்ட காடுகளில் உசில மரம் நிறைய உண்டு. அதன் இலையைக் காயவைத்து இடித்ததுதான் அரப்புத்தூள். உப்புத் தண்ணீர் ஊரில் எண்ணெய்த் தலைக்கு அரப்பு இவ்வளவு காலம் நிலைத்து நின்றதற்கு இந்த வேதியியல் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது, குழந்தைக்குத் தேய்க்கும்போது நெற்றியில் கையை அணை கட்டிக்கொள்ள வேண்டும். உடம்புக்குப் பச்சைப்பயற்று மாவு போதும். அழுக்கையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுக்கும், தோலின் அமிலத்தைக் கெடுக்காது.

எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல

ஒகேனக்கலில் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்ப் புட்டியோடு நிற்கும் மசாஜ்காரர்களைத் தாண்டி யாரும் போக முடியாது. பாறையில் படுக்க வைத்து, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை அழுத்தித் தேய்த்துவிட்டு அருவிக்கு அனுப்புவார்கள். அந்தச் சுகம் பெரும்பாலும் அவர்களின் கையிலிருந்து வருவது. இறுகிய தசை தளர்கிறது, வலி குறைகிறது, ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது. எண்ணெய் அங்கே வழுக்கலுக்குத் துணை. ‘நச்சை எல்லாம் எண்ணெய் இழுத்துவிடும்’ என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான்.

தோலுக்கு என்று பார்த்தால், எந்த எண்ணெய் என்பது முக்கியம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது சில கிருமிகளை அடக்கும், தோலிலிருந்து நீர் ஆவியாவதையும் குறைக்கும். பிலிப்பைன்ஸில் கரப்பான் வந்த குழந்தைகளுக்கு 8 வாரம் கன்னித் தேங்காய் எண்ணெயும், இன்னொரு பிரிவுக்கு மினரல் ஆயிலும் தடவிப் பார்த்ததில், தேங்காய் எண்ணெய்தான் மேலாக வேலை செய்தது. நல்லெண்ணெயில் லினோலிக், ஒலிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் தலா சுமார் 40 சதவீத அளவில் இருக்கின்றன. லினோலிக் தோலின் சாந்துக்கு உதவும், ஒலிக் அதை இளக்கும். ஒலிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைக் குறைத்ததாகவும், சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை என்றும் 2013-இல் வெளியான ஒரு இங்கிலாந்து ஆய்வு காட்டியது. இதைச் சொல்வதற்குக் காரணம், குழந்தை பிறந்த வீட்டுக்கு ஆலிவ் எண்ணெய்ப் புட்டியைப் பெருமையாக வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் இங்கேயும் பரவிவிட்டது. அந்தக் காசுக்குச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இன்னும் நிறைய வாங்கலாம்.

எண்ணெய் ஆகாத தோலும் உண்டு. தேமலுக்கும் பொடுகுக்கும் காரணமான மலாசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலம்தான் தீனி. தேமல் வந்த முதுகில் தினமும் எண்ணெய் தேய்த்தால் பூஞ்சை இன்னும் செழிக்கும். பருவோடு இருக்கும் முகத்தில் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும்.

கைக்குழந்தைக்கு உடம்பில் எண்ணெய் தேய்ப்பது நல்லது. மூக்கிலும் வாயிலும் விடுவது வேண்டவே வேண்டாம். சளி எடுக்கிறேன் என்று மூக்கில் விடும் எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் எரிச்சல் தராமல் வழுக்கிப் போவதால் குழந்தை இருமிக்கூட வெளியேற்றாது. உள்ளேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் அது கரையாது. தமிழ்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள், ஆனாலும் நிற்கவில்லை.

வெயில் சேரும்போது

எலுமிச்சம் பழத்தை அறுத்து முகத்தில் தேய்த்தால் கருமை போகும் என்பது எங்கும் கேட்கும் யோசனை. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் தோலியில் உள்ள ஃப்யூரனோகூமரின் என்ற சேர்மம். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், ஒன்றிரண்டு நாளில் சிவந்து எரிந்து, அப்புறம் அழுத்தமான பழுப்புத் திட்டாக மாறும். அந்தத் திட்டு போக மாதக் கணக்கில் ஆகும். கருமையைப் போக்கப் போய்ப் புதுக் கருமையை வாங்கி வருவதுதான் மிச்சம்.

நலங்கு மாவிலும் இதே குணம் கொண்ட ஒரு சரக்கு இருக்கிறது. அது கார்போக அரிசி. அதிலுள்ள சோராலென், வெண்புள்ளிக்குத் தரும் கதிர் சிகிச்சையில் மருந்தாகவே பயன்படுகிற பொருள். பூசிவிட்டு அளவாக ஒளி காட்டினால் நிறமிச் செல்கள் தூண்டப்படும். அளவு தப்பினால் வெந்து கொப்புளிக்கும். நலங்கு மாவில் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள், தேய்த்து உடனே கழுவி விடுவார்கள். அதனால் பிரச்சினை வருவதில்லை. அதே மாவைத் தயிரில் குழைத்து முகத்தில் அரைமணி நேரம் காயவிட்டு, அப்படியே மாடியில் துணி காயப்போட வெயிலில் போய் நின்றால் சிலருக்கு முகம் எரியும். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் சாதுவான சரக்குகள்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைக் குறைக்கும் குணமுடையது, ஆனால் தோலுக்குள் மிகக் கொஞ்சமே இறங்கும். மஞ்சளே ஒவ்வாத ஆட்களும் உண்டு.

பார்த்தீனியத்தைச் சொல்லாமல் இந்த மாவட்டத்துத் தோலைப் பற்றிப் பேச முடியாது. 1950களில் புனே பக்கம் முதலில் பதிவான இந்த வேற்று நாட்டுச் செடி இன்றைக்கு ராயக்கோட்டை, பாலக்கோடு ரோட்டோரங்களிலும் தரிசுகளிலும் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கிறது. இதன் தூளும் மகரந்தமும் காற்றில் பறந்து பட்டே ஒவ்வாமை வரும். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று வெயிலும் காற்றும் படும் இடமெல்லாம் தடித்து, கறுத்து, யானைத்தோல் போல ஆகிவிடும். வருஷக் கணக்கில் அவதிப்படும் விவசாயிகள் இருக்கிறார்கள். பார்த்தீனியமும் சாமந்தியும் ஒரே குடும்பம். பார்த்தீனியம் ஒவ்வாதவருக்குச் சாமந்திப் பூப் பறித்தாலே முகம் வீங்கலாம். ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துப் பூந்தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் சாமந்தி, அதே குடும்பத்துக் கெமோமில், காலெண்டுலா சேர்ந்த ‘சென்சிட்டிவ் தோலுக்கான’ மூலிகைக் க்ரீமைப் பூசினால் புண்ணில் புளியைக் கரைத்த மாதிரிதான். ஒவ்வாமை பல வருஷம் பழகிய பொருளிலும் திடீரென்று தொடங்கும். ‘இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே’ என்பது இதில் சமாதானம் ஆகாது.

கெட்டுப்போகிற ஜெல்

கற்றாழையை வெட்டினால் தோலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதிலுள்ள அலாயின் அரிப்பைக் கொடுக்கும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும். மஞ்சள் பால் வடியவிட்டு, சோற்றை ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சரியான அறிவு. வீடியோ பார்த்து வெட்டிய கையோடு முகத்தில் தேய்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

‘ப்ரிசர்வேடிவ் சேர்க்கவில்லை’ என்று கற்றாழை ஜெல்லும், ஓசூர் ரோஜாவில் செய்ததாகச் சொல்லும் பன்னீரும் புட்டியில் வருகின்றன. தண்ணீர் உள்ள எதிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். நிறமோ வாடையோ மாறுவதற்கு முன்பே லட்சக் கணக்கில் வளர்ந்திருக்கும். தண்ணீர் கலந்த பூச்சில் அளவான பாதுகாப்புப் பொருள் இருப்பது குற்றமில்லை, இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. கண்ணோரத்திலும் பருவிலும் குழந்தையின் தோலிலும் அப்படிக் கெட்ட ஜெல் பட்டால் சீழ் வைக்கும். அந்தக் காலத்தில் எல்லாமே காய்ந்த பொடியாகவும் தண்ணீர் படாத எண்ணெயாகவும் இருந்ததில் இந்தத் தொல்லை இல்லை. பாதுகாப்புப் பொருள் வேண்டாம் என்றால் பொடியும் எண்ணெயும் வாங்குங்கள், ஜெல்லை வீட்டில் அன்றன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளுக்க வைக்கும் க்ரீம்

எனக்கு மனசு பதறுவது இந்த இடத்தில்தான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஒரு மாதத்தில் நிறம் மாறவேண்டும் என்று தேடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். பேர் இல்லாத, அல்லது வெளிநாட்டு எழுத்தில் மட்டும் பேர் உள்ள டப்பாவை மூலிகை என்று சொல்லித்தான் அவர்களிடம் விற்கிறார்கள். எந்த மூலிகையும் இரண்டு வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்காது. அப்படி வெளுத்தால் உள்ளே பாதரசமோ, ஸ்டீராய்டோ, நிறமியைக் குறைக்கும் மருந்தான ஹைட்ரோகுவினோனோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

தோலின் நிறமியைச் செய்யும் டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். பாதரசம் அந்த இடத்தில் புகுந்து நொதியை நிறுத்திவிடுகிறது. முகம் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போன பாதரசமோ சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் கொட்டத் தொடங்கும். சிறுநீர் நுரைக்கும், காலையில் கண் இமை வீங்கும், சாயங்காலம் கால் வீங்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதித்தார்கள். 15 பேரிடம் நெல்-1 (NELL-1) என்ற புரதத்தோடு தொடர்புள்ள அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருமுன் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குக் குணமானது என்பது ஒரே ஆறுதல். வீட்டில் ஒருவர் பூசினாலும் தலையணை, துண்டு, மடியில் கிடக்கும் குழந்தை என்று பாதரசம் மற்றவர்கள் மேலும் ஏறும்.

பாதரசம் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ள அழகு சாதனங்களை 2020-க்குள் ஒழிப்பது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை சொன்னது. இந்தியா 2018-இல் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கிறது, ஆனால் பேர் இல்லாத டப்பா சட்டத்தைத் தாண்டி வருகிறது. ஸ்டீராய்டுக் க்ரீம்களையும் 2018-இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டுக்கு விற்கும் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் மருந்துக் கடையில் வாய்ச் சொல்லிலேயே கிடைத்துவிடுகின்றன. சில ‘மூலிகை’ க்ரீம்களில் அவற்றையே கலந்து விற்கிறார்கள். முதல் வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், பெண்கள் முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கி, பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் இடுப்பெல்லாம் பரவும். ஒரே மாதத்தில் நிறத்தை மாற்றித் தருகிறேன் என்ற வாக்குறுதியே அந்தப் பொருளை ஒதுக்கப் போதுமான காரணம்.

குழந்தைகளுக்கு

மருதாணி இலை செம்மண் நிறத்தில், சில மணி நேரம் வைத்திருந்தால்தான் சிவக்கும். அரைமணியில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’ கோனில் பிபிடி என்ற சாயம் கலந்திருக்கும். ஒரு தடவை அதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும். பல வருஷம் கழித்து நரைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கிப்போகும். அசல் மருதாணியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவான குழந்தைக்கு உடம்பெல்லாம் மருதாணி பூசினால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். குப்பைமேனிச் சாற்றை அவர்களுக்கு உள்ளுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். வேப்பெண்ணெய் வெளிப்பூச்சுக்கு நல்லது. பூச்சிக்கு என்று கைக்குழந்தைக்கு ஒரு பாலாடை புகட்டினால் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பேர் சொல்லாதது என்று நாம் மரியாதையாகச் சொல்லும் வசம்பை, அதிலுள்ள அசரோன் என்ற தீங்கான சேர்மத்துக்காக அமெரிக்கா 1968-லேயே உணவில் தடை செய்தது. கண்மை வேண்டுமென்றால் சுர்மா வகையை விட்டுவிடுங்கள். அதில் ஈயம் இருக்கும், ஈயம் வளரும் மூளையைக் கெடுக்கும்.

மூலிகை எங்கே நிற்கும், எங்கே நிற்காது

மூலிகையில் உண்மையான மருந்துக் குணம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொறி சிரங்கு வந்த 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதைப் பூசியதில் 97 சதவீதம் பேருக்கு 3-இலிருந்து 15 நாளில் குணமானதாக 1992-இல் ஒரு ஆய்வு வெளியானது. ஒப்பிடுவதற்கு வேறு மருந்து கொடுத்த பிரிவு அதில் இல்லை என்பதால் முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் தள்ளிவிடக் கூடியது இல்லை. வண்டுகொல்லி என்கிற சீமை அகத்தி இலையில் பூஞ்சையை அடக்கும் பொருள்கள் உண்டு. சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். முறையாகப் படித்தவரிடம் கேட்டுச் செய்வதும் யூடியூப் பார்த்துச் செய்வதும் ஒன்றாகாது.

புதுப் பொருள் எதுவானாலும் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவக்கவோ அரிக்கவோ செய்தால் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல், தேதி நான்கும் இருக்க வேண்டும். விற்பனைக்காக அழகு சாதனம் செய்கிறவர் யாரானாலும் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். தடிப்பு வந்து மருத்துவரிடம் போனால் டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, 2022-இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியோ பக்கத்திலேயே இருக்கின்றன. வெளுக்கும் க்ரீம் பூசி வந்தவருக்குச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது சாதாரணச் சோதனைதான்.

ஒரே ஒரு தோல் மாற்றத்துக்கு மட்டும் எந்தப் பூச்சையும் போட்டுப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடம்பில் எங்காவது நிறம் வெளிறிய படை, அதில் அரிப்பு இல்லை, ஊசி முனையால் தொட்டாலும், சுடுநீர் பட்டாலும் உணர்ச்சி தெரியவில்லை என்றால் அது தேமலாக இருக்காது, தொழுநோயாக இருக்கலாம். மாதக் கணக்கில் மூலிகை விழுது பூசிக்கொண்டிருந்தால் அதற்குள் நரம்பு பாதித்து விரல் மடங்கிவிடும். அதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ வகைக்குத் தக்கபடி சாப்பிட வேண்டும். முதல் வேளை மருந்து உள்ளே போன கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடுகிறது.